அட்டை இருந்த இடம்

என் வீட்டுச் சாமி அலமாரியில், திருச்செந்தூர் முருகன் படத்துக்கும் இசக்கியம்மன் படத்துக்கும் நடுவில், பின்சுவரில் ஒரு நோட்டுப் புத்தகம் அளவுக்கு வெள்ளையாக ஓர் இடம் இருக்கிறது. சுற்றிலும் விளக்குப் புகை ஏறிச் சுவர் கருத்துக் கிடக்கிறது. அந்த இடம் மட்டும் நேற்றுச் சுண்ணாம்பு அடித்தது போல இருக்கிறது. அங்கே பல வருடம் ஓர் அட்டையைச் சாய்த்து வைத்திருந்தேன். மேலே இரண்டு ஓட்டை, கழுத்தில் மாட்டுவதற்குச் சிவப்பு நாடா, நடுவில் கறுப்பு மையில் இங்கிலீஷில் இரண்டு வரி. நான் ஊரில் ஐந்தாவது வரை தமிழில் படித்தவள். அந்த இரண்டு வரியை வாசிக்கத் தெரியாது. இருந்தாலும் ஒவ்வொரு சரஸ்வதி பூஜைக்கும் மகனுடைய பழைய புத்தகங்களோடு அதையும் அடுக்கி, சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டேன். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு தடவை மகனிடம் கேட்டேன். வாசித்துப் பார்த்தான். "ஸ்கூல் சமாசாரம்மா" என்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் வெளியே போனான்.

செம்பூரில், டீச்சர் வேலைக்குப் படிக்கிற பெண்களுக்கான பயிற்சிப் பள்ளி ஒன்றில் எனக்கு அப்போது ஆயா வேலை. தாராவியிலிருந்து முதல் பஸ்ஸில் போய், ஹாலும் வராந்தாவும் பெருக்கி, மணி அடித்து, டீ போட்டுக் கொடுக்க வேண்டும். அங்கே என்னை எல்லோரும் மவுஷி என்பார்கள். மராட்டியில் சித்தி என்று பொருள். இந்த ஊரில் பள்ளிக்கூடம் பெருக்குகிற பெண்கள் அத்தனை பேருக்கும் அதுதான் பெயர். மாட்டுங்காவிலிருந்து வருகிற தமிழ் மேடம் ஒருவர் அங்கே பெரிய ஆள். பல ஜாதி, பல பாஷை உட்கார்ந்திருக்கிற சின்ன வகுப்பில் எப்படிப் பாடம் நடத்துவது என்பதுதான் அவர் சொல்லிக் கொடுக்கிற விஷயம். "பிள்ளை வாயைத் திறக்கலைன்னா அது முட்டாள்னு அர்த்தமில்லை, அதோட வீடு உனக்குத் தெரியலைன்னு அர்த்தம்" என்று இந்தியிலும் மராட்டியிலும் திரும்பத் திரும்பச் சொல்வார். வராந்தாவில் துடைப்பத்தோடு நின்று கேட்கும்போது எனக்குக் கண் கலங்கும். அவருடைய பிளாஸ்கிலிருந்து எனக்கும் காபி ஊற்றித் தருவார். என் டம்ளர் மட்டும் ஜன்னல் கட்டையில் தனியாகக் கவிழ்ந்திருக்கும். அது என்னுடையது என்பதால் அங்கே இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

நிஜ வகுப்புக்கு அனுப்பும் முன்னால் அந்தப் பெண்கள் ஹாலிலேயே பாடம் நடத்திக் காட்ட வேண்டும். மற்றப் பெண்கள் பிள்ளைகளாக உட்காருவார்கள். கேட்டதற்கெல்லாம் சமர்த்தாகப் பதில் சொல்வார்கள். மேடத்துக்கு அது அலுத்துவிட்டது. ஒருநாள் வராந்தாவைப் பார்த்து, "ஏய், துடைப்பத்தை வெச்சுட்டு இங்க வா. ஒண்ணும் புரியாத பிள்ளையா உட்காரு" என்றார். அந்த அட்டையைக் கழுத்தில் மாட்டினார். சின்ன பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, கேள்வி கேட்டால் கூரையைப் பார்த்தேன். ஹாலே சிரித்தது. மேடம் கைதட்டினார். என் வாழ்நாளில் எனக்கு யாரும் கைதட்டியது கிடையாது. அன்றையிலிருந்து பாடம் நடக்கும் நாளெல்லாம் நான்தான் அந்தப் பிள்ளை. எங்கள் சந்துப் பிள்ளைகள் செய்வதையெல்லாம் ஞாபகம் வைத்துக் கொண்டுபோய்ச் செய்தேன். மூக்கை உறிஞ்சுவது, பெஞ்சுக்கு அடியில் ஒளிவது, பசி வயிறோடு தூங்கி விழுவது. எல்லாவற்றுக்கும் சிரிப்புதான்.

எங்கள் சந்திலிருந்தே ஒரு பெண் அங்கே படிக்க வந்தாள். அவளுக்குச் சீட்டுக் கிடைத்த அன்றே சந்து முழுக்க அவளை டீச்சர் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. நானும் அப்படித்தான் கூப்பிடுவேன். அவள் என்னை அத்தை என்பாள், பயிற்சிப் பள்ளியிலும். மற்றப் பெண்கள் முன்னால் அப்படிக் கூப்பிட அவள் கூச்சப்பட்டதே இல்லை. கடைசியாக நடத்திக் காட்டுகிற பாடத்தில் ஒரு தடவை தவறி, ஒரு வருடம் வீணாகி, மறுபடியும் வந்திருந்தாள். மூன்றாவது தடவை என்பது அங்கே கிடையாது. அவள் அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவை பாஸானா வேலைக்குப் போ. இல்லைன்னா கோவண்டி மாப்பிள்ளைக்குக் கழுத்தை நீட்டு." கோவண்டியில் இருக்கிற அந்த மாப்பிள்ளையின் முதல் சம்சாரம் அடி தாங்காமல் தாய் வீட்டுக்குப் போனவள் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். டீச்சர் ஒரு வாரம் உட்கார்ந்து காய்கறிப் படங்கள் வரைந்தாள். கத்தரிக்காய்க்கு ஊதா போதவில்லை என்று என் மகனுடைய பழைய கலர்ப் பெட்டியை வாங்கிப் போனாள்.

அவள் பாடத்துக்கு முதல் நாள் மேடம் என்னிடம், "நாளைக்குக் கொஞ்சம் கஷ்டமான பிள்ளையா இரு. அவ எப்படிச் சமாளிக்கறான்னு பார்க்கணும்" என்றார். காலையில் குளித்து, பிள்ளையார் முன்னால் விளக்கேற்றி, "அப்பா, அந்தப் புள்ளைய நீதான் கரையேத்தணும்" என்று வேண்டினேன். கண்ணை மூடியிருக்கும்போதே யோசனை வந்துவிட்டது. டீச்சருக்கு ஏழு வயதில் நடந்தது ஞாபகம் வந்தது. இந்த வேலைக்கு வரும் முன்னால் அவளையும் என் மகனையும் நான்தான் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவேன். வாய் திறக்காத பிள்ளை. ஜடை நுனியை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டே இருக்கும். கேள்வி கேட்டால் பயத்தில் பாவாடையை நனைத்துவிடும். "தண்ணி கொட்டிட்டு டீச்சர்" என்று பொய் சொல்லும். அங்கிருந்த டீச்சரம்மா காதைப் பிடித்து இழுத்து வராந்தாவில் நிறுத்துவார். மத்தியானம் நான் போகும்போது ஈரப் பாவாடையை முன்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும். வேறு பிள்ளையைக் காட்டினால் இவள் தடுமாறுவாள், இந்தப் பிள்ளையைக் காட்டினால் இவளுக்குத் தெரியாதா, இவளே அல்லவா அந்தப் பிள்ளை என்று நினைத்தேன். பிள்ளையார் கொடுத்த யோசனை என்று நினைத்து, நெற்றியில் விபூதி பூசிக்கொண்டு பஸ் ஏறினேன்.

பாடம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. படத்தை ஒவ்வொன்றாகக் காட்டி, உங்கள் வீட்டில் இதற்கு என்ன பெயர் என்று நாலு பாஷையில் சொல்ல வைத்தாள். மேடம் பின்னால் உட்கார்ந்து தலையை ஆட்டுவது தெரிந்தது. கடைசியாக என்னிடம் வந்தாள். மண்டியிட்டு உட்கார்ந்து, கத்தரிக்காய்ப் படத்தை என் முகத்துக்கு நேராகப் பிடித்து, "இது என்ன காய் கண்ணு? நம்ம வீட்டுல எப்படிச் சொல்லுவோம்?" என்று தமிழில் கேட்டாள். நான் சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு சொல். சொல்லாமல் என் ஜடை நுனியை எடுத்து வாயில் வைத்தேன். ஒரு காலை இன்னொரு காலின் மேல் வைத்து நெளிந்தேன். பெண்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள். அவள் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. புரிந்துகொண்டாள், இனி அணைத்துக்கொள்வாள் என்று நினைத்து, சேலைக் கொசுவத்தை முன்னால் இழுத்துப் பிடித்து, அந்தப் பிள்ளையின் குரலிலேயே சொன்னேன்: "தண்ணி கொட்டிட்டு டீச்சர்."

ஹால் விழுந்து விழுந்து சிரித்தது. டீச்சர் எழுந்து நின்றாள். படம் கையிலிருந்து விழுந்தது. என் காதைப் பிடித்து முறுக்கி, பெஞ்சிலிருந்து இழுத்து, "நாத்தம் புடிச்ச சனியனே, வெளிய போயி நில்லு" என்றாள். அன்றைக்கு அந்த டீச்சரம்மா சொன்ன அதே சொற்கள், அதே இழுப்பு. அந்தப் பிள்ளைக்கு யாரும் செய்து காட்டியது அது ஒன்றைத்தான், அவளுக்கு வேறு என்ன தெரியும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. காலையில் நானே பெருக்கிய வராந்தாவில் அட்டையோடு நின்றேன். உள்ளே மேடம் நோட்டை மூடுகிற சத்தம் கேட்டது.

பிள்ளை மேல் கை வைத்தால் அதோடு முடிந்தது. அதுதான் விதி. மேடம் பிளாஸ்கைத் திறந்து என் டம்ளரில் காபி ஊற்றினார். "நீ நன்னா பண்ணினே. அந்த ஜடையைச் சப்பினது பார், எங்கேர்ந்து பிடிச்சே? பாவம், அவளுக்குத்தான் வரலை" என்றார். அந்தப் பிள்ளை அவள்தான் மேடம், தப்பு என்னுடையது, அவளுக்கு இன்னொரு தடவை கொடுங்கள் என்று அப்போது சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. எங்கேர்ந்து பிடிச்சே என்று மேடம் ஆசையாகக் கேட்டது காதில் இனித்துக்கொண்டிருந்தது. "எங்க சந்துல பாத்தது மேடம்" என்று மட்டும் சொல்லி, காபியைக் குடித்தேன்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் டீச்சர் நின்றிருந்தாள். சுருட்டிய படங்கள் கக்கத்தில் இருந்தன. அழவில்லை. "அத்த, யாரு உங்கள அதப் பண்ணச் சொன்னா?" என்று கேட்டாள். பிள்ளையார் என்று சொல்ல நா எழவில்லை. "மேடந்தான் கஷ்டமா இருக்கச் சொன்னாவ" என்றேன். "அவுகளுக்கு அது தெரியாதுல்லா. ஒங்களுக்குத்தான தெரியும்" என்றாள். அதற்குப் பிறகு என்னை அத்தை என்று அவள் கூப்பிடவில்லை.

சந்து மட்டும் டீச்சர் என்று கூப்பிடுவதை விடவில்லை. முன்னால் பிரியமாகக் கூப்பிட்டவர்கள் இப்போது குழாயடியில் நின்று, "என்ன டீச்சரு, இன்னைக்கு ஸ்கூல் லீவா?" என்று கேட்டார்கள். அவள் அம்மா ஒவ்வொரு வீடாக வந்து, "இனிமே அப்படிக் கூப்பிடாதீய" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். இரண்டு மாதத்தில் கோவண்டி மாப்பிள்ளையோடு கல்யாணம் நடந்தது. நான் விபூதி பூசி ஆசீர்வாதம் பண்ண மேடையேறினேன். மாலையோடு குனிந்தவள் என் காதில் மட்டும் விழுகிற மாதிரி, "நான் சரியா நிக்கேனா மவுஷி?" என்றாள்.

அதற்குப் பிறகும் மூன்று வருடம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். மறைத்து என்ன ஆகப்போகிறது. வெளியூரிலிருந்து பெரிய ஆட்கள் பார்க்க வந்தால் மேடம், "அந்தத் தண்ணி கொட்டின பிள்ளையைப் பண்ணு" என்பார். பண்ணினேன். வேலையிலிருந்து நின்றபோது ஒரு எவர்சில்வர் குடமும், ஞாபகத்துக்கு அந்த அட்டையையும் கொடுத்து அனுப்பினார்கள்.

வயதாக ஆகப் பிள்ளையார் முன்னால் கண்ணை மூட முடியாமல் போனது. மூடினால் அந்த யோசனை வந்த காலைதான் வருகிறது. போன தைப்பூசம் முடிந்து, பஞ்சாமிர்தம் ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு, அட்டையையும் பையில் வைத்துக்கொண்டு கோவண்டிக்குப் போனேன். குங்குமம் வைத்துக் கும்பிட்ட பொருளைக் குப்பையில் போட எனக்கு மனம் வராது. அவள் கையால் கிழித்துப் போட்டால் எனக்கு ஒரு விடுதலை என்று நினைத்தேன். அவள் வீட்டைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. டீச்சர் வீடு என்று கேட்டதும் காட்டினார்கள். ஒரே அறையில் இருபது பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்துக்கொண்டிருந்தாள். தமிழில் ஒருவனை, இந்தியில் ஒருவனை, மராட்டியில் ஒருத்தியை மாறி மாறிக் கேட்டாள். மேடம் பார்த்திருந்தால் கைதட்டியிருப்பார். ஒரு பிள்ளையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஸ்கேல் அவள் மடியில் இருந்தது. வாசலுக்கு வெளியே, சாக்கடை ஓரமாக, ஆறு ஏழு வயதுப் பெண் பிள்ளை ஒன்று பாவாடை நுனியை வாயில் வைத்துக்கொண்டு நின்றது.

"வாங்க மவுஷி" என்று உட்கார வைத்து டீ கொடுத்தாள். இடது கண்ணுக்குக் கீழே பழைய தழும்பு. நான் அதைப் பார்ப்பதை அவள் பார்த்தாள். "என்ன மன்னிச்சிருமா" என்றேன். "எதுக்கு? நீங்க சரியாத்தான பண்ணுனீய. நான் அப்படியேதான இருந்தேன்" என்று சிரித்தாள். வெளியே நிற்பது யார் என்று கேட்டேன். "நம்மூருப் புள்ளதான். வாயே தொறக்காது. நிக்கட்டும், நின்னாத்தான் படிப்பு வரும். எனக்கு வரலையா?" பையிலிருந்து அட்டையை எடுத்து அவள் கையில் கொடுத்து, கிழித்துப் போட்டுவிடு என்றேன். குங்குமத்தைப் பார்த்தாள், எழுத்தைப் பார்த்தாள். "இத்தன வருசமா இதையா கும்பிட்டீய?" என்றாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "மந்த புத்தி. வீட்டுல படிப்பு வாசனை கிடையாது. அவ்வளவுதான்" என்றாள்.

அவள் கிழிக்கவில்லை. எழுந்து வெளியே போய், நாடாவை விரித்து, நிற்கிற பிள்ளையின் கழுத்தில் அந்த அட்டையை மாட்டினாள். உள்ளே இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். அந்தப் பிள்ளை குனிந்து அட்டையைப் பார்த்தது. அதற்கும் வாசிக்கத் தெரியாது. அதில் இருந்த குங்குமத்தை விரலால் தொட்டு, கோயிலில் செய்கிற மாதிரி நெற்றியில் வைத்துக்கொண்டது. டீச்சர் திரும்பி வந்து உட்கார்ந்து, "டீ ஆறிப் போவுது, குடிங்க" என்றாள்.

தினமும் விளக்கேற்றும்போது அந்த வெள்ளை இடத்தைப் பார்க்கிறேன். இத்தனை மாதமாகியும் புகை ஏறவில்லை. போகிற வழியில் அந்த நாடாவைக் கழற்ற எனக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்காது. பிள்ளை என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றது. நான் டீயைக் குடித்துவிட்டு, அதன் பக்கமாகவே நடந்து வந்தேன்.