ஸ்டூல் மேல் ஏறச் சொன்னவன்

சர்க்கரை வியாதிக்காரியான என் சொந்த அக்காவை, வெறும் வயிற்றோடு ஸ்டூல் மேல் ஏறி நிற்கச் சொன்ன முட்டாள் நான்தான். அதுவும் எதற்கு? போனில் அவள் குரல் தெளிவாகக் கேட்பதற்கு. முதலிலேயே இதை ஒப்புக்கொண்டுவிட்டால் மீதியைச் சொல்வது சுலபமாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. இந்த வரியையே மூன்று தடவை அடித்து எழுதினேன்.

நான் இருப்பது ரவாங்கில். அக்கா இருப்பது இரண்டு மணி நேரக் கார் தூரத்தில், சபாக்கைத் தாண்டி, ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தின் ஓரத்து வீட்டில். மாமா இறந்து மூன்று வருடம் ஆகிறது. பிள்ளைகள் சிங்கப்பூரில். தனியாள். அந்த வீட்டில் சாதாரண போன் லைன் எடுக்காது. எடுத்தாலும் பாதி வாக்கியத்தில் செத்துப்போகும். அதனால் சிம் போட்ட மோடம் ஒன்று வாங்கி வைத்து, இன்டர்நெட் வழியாகப் பேச ஏற்பாடு செய்தேன். மோடத்துக்கு வீட்டிலேயே உயரமான இடம் வேண்டும் என்று சாமி அலமாரியின் உச்சியில் வைத்தேன். அக்கா அதற்கும் வெள்ளிக்கிழமை தவறாமல் குங்குமம் வைத்தாள்.

அன்றிலிருந்து குடும்பத்தில் நான் லைன் நிபுணன். தொழிற்சாலை ஸ்டோரில் திருகாணி எண்ணுகிறவனுக்கு இப்படி ஒரு பட்டம் கிடைத்தால் சும்மா இருப்பானா? வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். கற்றதை அக்காவிடம் அவிழ்த்துவிட்டேன்.

"அக்கா, ஒன் கொரலு முழுசா வர்றதில்ல. சின்னச் சின்ன பாக்கெட்டா பிரிஞ்சு வருது. வழியில நாலஞ்சு காணாமப் போயிருது."

"நாசி லெமா சோத்துப் பாக்கெட்டா?"

"அதேதான். பத்து பாக்கெட் வாங்கி மோட்டார்ல மாட்டிட்டு வர்ற. குழியில எறங்குறப்ப ரெண்டு விழுந்துருது."

"அப்ப ஓட்டிட்டு வர்றவன் சரியில்ல லா. மோடத்த என்னாத்துக்குக் கொற சொல்ற?"

காணாமல் போன இடத்தில் போன் என்ன செய்கிறது என்பதையும் நான் படித்திருந்தேன். முன்னால் வந்த சத்தத்தையே கொஞ்சம் இழுத்து, ஓட்டை தெரியாமல் ஒட்டுப்போடும். அதனால்தான் சில சமயம் 'தம்பி' என்பது 'தம்பீஈஈ' என்று ரப்பர் மாதிரி நீளும். இந்த அறிவுதான் அக்காவைக் கொல்லப் பார்த்தது.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு அவள் கூப்பிடுவது வழக்கம். முன்பெல்லாம் பேச்சு 'சாப்டியா?' என்று தொடங்கும். நான் நிபுணன் ஆன பிறகு, 'கேக்குதா?' என்றுதான் தொடங்கும். அன்றும் அப்படித்தான்.

"அக்கா, கேக்குதா?"

"தம்பீஈ... எனக்கு... கையெல்லாஆம்..."

குரல் இழுத்தது. வார்த்தைகள் ஒன்றன் மேல் ஒன்று சரிந்து விழுந்தன. எனக்கோ உற்சாகம். ஒட்டுப்போட்ட சத்தம்! பாக்கெட் விழுகிறது!

"லைன் மோசம்கா. மொதல்ல வீடியோவ அடைச்சிரு. வெறும் கொரலுன்னா சுமை கம்மி. ஸ்பீக்கர போடு."

அடைத்தாள். முகம் போய்விட்டது. அந்த முகத்தை நான் ஒழுங்காகப் பார்க்கக்கூட இல்லை. என் கண் மேலே இருந்த சிக்னல் கோட்டில் இருந்தது.

"இப்ப சன்னல் கிட்ட போ. கேக்குதா?"

"ம்ம்... தண்ணீ..."

"தண்ணியெல்லாம் அப்பறம். சமையக்கட்டுக்குப் போ. இல்ல, இல்ல, திரும்பி வா. சாமி அலமாரிக்கு நேரா நில்லு."

இருபது நிமிடம் அவளை வீடு முழுக்க நடக்கவிட்டேன். எவ்வளவு நடந்தாளோ அவ்வளவு மோசமானது குரல். கடைசியாக என் மண்டையில் அந்த யோசனை உதித்தது.

"ஸ்டூல் இருக்குல்ல? அது மேல ஏறி மோடத்துக்குப் பக்கத்துல போன வச்சுப் பேசு."

ஸ்டூல் சிமெண்டுத் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. கிறீச்சென்று, முழுசாக. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. அதற்கடுத்து வந்தது ரொட்டிக்காரரின் ஹார்ன். தினமும் மோட்டாரில் தோட்டத்துக்குள் ரொட்டி விற்க வருகிறவர். பாம், பாம், பாம். தூரத்திலிருந்து கிட்டே வந்தது. ஒரு பாம்கூட உடையவில்லை. ஒன்றுகூட இழுக்கவில்லை.

லைனில் பாக்கெட் விழுந்தால் ஹார்னும் அல்லவா உடைய வேண்டும்?

லைன் சுத்தமாக இருக்கிறது. உடைந்திருப்பது அக்கா. தைப்பூச விரதம் என்று போன வாரமே சொல்லியிருந்தாள். மதியம் ஒரு வேளைதான் சாப்பாடு. ஆனால் காலை இன்சுலின் ஊசியை நிறுத்தமாட்டாள். 'வெரதம் சாமிக்கு, ஊசி டாக்டருக்கு. ரெண்டு பேரையும் ஏமாத்தக் கூடாது' என்பது அவள் கொள்கை.

"அக்கா, எறங்கு! ஸ்டூல விட்டு எறங்கு!"

தடால் என்று ஒரு சத்தம். பிறகு ஒன்றுமில்லை.

திரையில் அழைப்பு நேரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வீடியோவை அடைக்கச் சொன்னவன் நான். அந்தக் கறுப்புத் திரையை வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றவனும் நான். அவள் எப்படிக் கிடக்கிறாள், தலையில் அடியா, மூச்சு இருக்கிறதா, எதுவும் தெரியாது.

"ரொட்டிக்காரரே! ரொட்டிக்காரரே! உள்ள வாங்க!"

ரவாங்கில் என் அடுக்குமாடி முழுக்கக் கேட்டிருக்கும். அங்கே கதவு திறக்கும் சத்தம்.

"அக்கா! யா அல்லா... அண்ணே, யாரு... கீழ... வேர்த்து..."

இப்போதுதான் லைன் உண்மையாகவே உடைந்தது. போன் அலமாரிக்கு அடியில் உருண்டிருக்க வேண்டும். நான் பேசியதில் பாதி போய்ச் சேரவில்லை என்பது அவர் "என்னா? என்னா?" என்றதிலேயே தெரிந்தது. இன்சுலின், விரதம், சர்க்கரை இறக்கம் என்று நீளமாகப் பேசப் பேச எல்லாம் வழியில் கொட்டியது.

அப்போது கைகொடுத்தது எந்த வீடியோவும் இல்லை. தோட்டத்து லயத்தில் வளர்ந்த காலத்தில், மரக்காட்டுக்குள் நாலு வரிசை தள்ளி நிற்கிறவனுக்கு மேஸ்திரி, அதாவது மண்டோர், சேதி சொல்லும் முறை. ஒரே சொல். இரண்டு தடவை. கேட்டவன் திருப்பிக் கத்த வேண்டும். கத்தாவிட்டால் மறுபடியும் சொல்.

"முழிப்பு? முழிப்பு?"

"முழிப்பு இருக்கு! இருக்கு!"

"முழுங்குவாங்களா? முழுங்குவாங்களா?"

"முழுங்... முழுங்குறாங்க!"

"சீனித்தண்ணி! சீனித்தண்ணி!"

"சீனித்தண்ணி! சீனித்..."

அத்தோடு அறுந்தது. திரும்பக் கூப்பிட்டேன். போகவில்லை. ஆம்புலன்சுக்கு அடித்து வழி சொன்னேன். காரை எடுத்தேன். கோல சிலாங்கூர் பாலம் வரை நாற்பது தடவையாவது கூப்பிட்டிருப்பேன். பாலத்துக்கு அப்பால் இரண்டு பக்கமும் வயல், நேர் ரோடு, முடிவே இல்லாத ரோடு. போன் மணி அடிக்காதா என்று ஏங்கினேன். அடித்தால் என்ன சொல்வார்களோ என்று அதை எடுத்துப் பின் சீட்டில் எறிந்தேன்.

போய்ச் சேர்ந்தபோது அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். ஆம்புலன்சு வந்து பார்த்துவிட்டுப் போயிருந்தது. முழங்கையில் கட்டு. கையில் பாதி கடித்த, காயா ஜாம் வைத்த இனிப்பு பன். பக்கத்தில் ரொட்டிக்காரர், வியாபாரத்தை விட்டுவிட்டு, அவள் அடுத்த வாய் கடிக்கிறாளா என்று காவல் காத்துக்கொண்டிருந்தார். நான் அவர்களைத் தாண்டி உள்ளே போனேன். அலமாரி உச்சியில் மோடம் கோணலாக இருந்தது. என்ன ஜென்மமோ, கை தானாகப் போய் அதை நேராக்கியது.

"அத விடு," என்றாள் அக்கா வெளியிலிருந்து. இப்போது குரல் கண்ணாடி மாதிரி இருந்தது. "கையெல்லாம் நடுங்குது, தலைய சுத்துதுன்னு சொல்லத்தான்டா கூப்புட்டேன். இருவது நிமிசம் என்னைய மாடு மாதிரி ஓட்டுன. சாப்டியான்னு ஒரு வார்த்த வந்துச்சா ஒன் வாயில?"