ராஜாவின் கழுத்தில் ஒரு வெட்டு

நெய்வேலியில் யாருக்குப் பழங்காசு கிடைத்தாலும் கடைசியில் அது இன்னாசிமுத்துவின் குவார்ட்டர்ஸுக்குத்தான் வந்து சேரும். வேலை நாளில் லேபில் உட்கார்ந்து பழுப்பு நிலக்கரியின் ஈரத்தையும் சாம்பலையும் அளப்பவர். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தால் காசுகளை அளப்பார். ரோமாபுரித் தங்கக் காசு என்றால் மனிதருக்குச் சோறு தண்ணி வேண்டாம். வெறுமனே ஒரு எடை, தண்ணீரில் முக்கி ஒரு எடை, பிறகு ஒரு வகுத்தல்; தங்கமா இல்லையா என்று தெரிந்துவிடும். “தராசு பொய் சொல்லாதுங்க” என்பார். கேட்டுக் கேட்டு மனைவி லூர்துமேரிக்குக் காது புளித்துவிட்டது.

1998-இல் டவுன்ஷிப்பில் ஒரு கண்காட்சி. அவருடைய சொந்தக் காசு, ‘அசல்’ என்ற அட்டையோடு கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. இருபது வருடத்துக்கு முன் பண்ருட்டியில் ஒரு தரகரிடம் வாங்கியது. அதில் பொறித்த ராஜாவின் கழுத்தில் உளியால் வெட்டிய தழும்பு. நம் பக்கத்தில் கிடைக்கும் ரோமானியக் காசுகளில் இப்படி வெட்டு இருப்பதுண்டு. அவருக்கு அதில் தனிப் பெருமை.

அங்கே கொளஞ்சிநாதன் வந்தார். மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. துணியில் முடிந்திருந்த காசை இன்னாசிமுத்துவின் மேசைமேல் வைத்தார்.

“எங்கம்மாவுதுங்க. போலின்னு ஊரே சிரிக்குது. அம்மா மனசு ஒடஞ்சி கெடக்குது. நீங்க சொன்னா நம்புவாங்க.”

இன்னாசிமுத்து தராசில் எடை பார்த்தார். தங்கமேதான். லென்ஸை வைத்ததும் கை நின்றுவிட்டது. அதே ராஜா, அதே வெட்டு, வெட்டின் முனையில் அதே கடுகளவுக் குழி. கையால் வெட்டியது இரண்டு காசில் அச்சடித்தாற்போல விழுமா? ஒன்றிலிருந்து அச்செடுத்து இன்னொன்றை வார்த்திருக்கிறார்கள். தன் காசைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார். வந்த காசில் வெட்டின் ஓரம் கூர்மையாக நின்றது. தன்னுடையதில் அது மழுங்கி, சுற்றிலும் வார்ப்பில் விழும் ஊசிமுனைப் புள்ளிகள். தங்கத்திலேயே செய்த போலி! இத்தனை வருடமும் தராசிடம் அவர் கேட்டது தங்கமா என்றுதான். பழசா என்று அதற்கு எப்படித் தெரியும்?

“இது வேற யார் கைக்காவது போச்சா?”

“நான் சின்னப் புள்ளையா இருக்கச்சொல்லோ பண்ருட்டித் தரகர் ஒருத்தர் பாக்கணும்னு வாங்கினு போயி ஒரு வாரம் வச்சிருந்தாருங்க.”

சுற்றிலும் கூட்டம். ‘போலி’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கொளஞ்சிநாதன் பேசாமல் போயிருப்பார். இருபது வருடப் பேரும் பிழைத்திருக்கும். நம்மில் எத்தனை பேர் அதைச் சொல்லாமல் இருந்திருப்போம்? இன்னாசிமுத்து லென்ஸைக் கீழே வைத்தார்.

“உங்க அம்மா காசு அசல்ங்க” என்றார், எல்லாருக்கும் கேட்கும்படி. “என்னுதுதான் போலி. உங்களுதுல அச்செடுத்து வார்த்தது.”

அட்டையில் ‘அசல்’ என்பதை அடித்துப் ‘போலி’ என்று தன் கையாலேயே எழுதி, காசைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தார். கொளஞ்சிநாதன் அம்மாவிடம் சொல்ல ஓடினார்.

இனி யார் வரப்போகிறார்கள் என்று அடுத்த ஞாயிறு லூர்துமேரி இரண்டே டம்ளர் காபி போட்டாள். பதினோரு பேர் காசோடு வந்தார்கள்.