நாகலோகத்துக் கயிறு

கதைப் புத்தகம் படிக்கிறவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. புத்தகத்தை மூடினாலும் வாயை மூட மாட்டான். எனக்கு அந்த வியாதி சிறு வயதிலேயே பிடித்துவிட்டது. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்து நான் சேர்த்த சொத்து அது ஒன்றுதான்.

தங்க வயலுக்கு மின்சாரம் வராத காலம். சுரங்கத்தில் இறங்குகிறவர்கள் தொப்பியில் களிமண்ணை அப்பி, அதில் மெழுகுவத்தியைச் செருகிக்கொண்டு போவார்கள். அந்த மெழுகுவத்திகளை ஷிப்டுக்கு ஷிப்டு எடுத்துக் கொடுக்கும் கொட்டகையில் நான் குமாஸ்தா. சாம்பியன் ரீப்ஸிலிருந்து நடந்து போகிற தூரத்தில் இருந்தது எங்கள் சுரங்கம். அதன் பெயர் இப்போது வேண்டாம். அங்கே வேலை பார்த்த வருஷங்களில் நான் ஒரு நாளும் கீழே இறங்கியதில்லை. இறங்கச் சொல்லி யாரும் கேட்டதுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் நாங்கள் நாலு பேர் மரக்கிடங்கில் கட்டைகள்மேல் உட்காருவோம். பட்டணத்திலிருந்து புத்தக மூட்டை தூக்கி வருகிற வியாபாரி ஒருவன், சம்பளத்துக்கு மறுநாள் தவறாமல் எங்கள் லைன் வீடுகளுக்கு வருவான். அவனிடம் ராஜகுமாரன், ராட்சசி, மந்திரக் கட்டில் என்று மாயக் கதைகளாகக் கிடைக்கும். ஆளுக்கொன்று வாங்கி, மாற்றி மாற்றிப் படிப்போம். பேய்க்கதை படிப்பது ஆத்துமாவுக்கு ஆகாது என்று எங்கள் சபைப் போதகர் பிரசங்கத்திலேயே சொல்லியிருந்ததால், நான் மட்டும் புத்தகத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு வருவேன்.

எங்களுக்குள் ஒரு சட்டம் இருந்தது. அவரவர் புத்தகம் எதுவரை வந்திருக்கிறது, எப்படி இருக்கிறது என்று சொல்லலாம். முடிவை மட்டும் உளறக் கூடாது. உளறினவருக்கு அடுத்த புத்தகம் கிடையாது. அந்தத் தண்டனையை அதிகம் அனுபவித்தவன் நான்தான்.

எங்களில் மூத்தவர் மரக்காரர். சுரங்கத்துக்குள் பாறை சரியாமல் மரம் முட்டுக் கொடுக்கிறவர். குடியாத்தம் பக்கத்து ஆள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். ஆனால் அவர் படித்த கதையில் ஓட்டை இருந்தால் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஒரு தடவை பாதாள மாளிகையில் ஆயிரம் தங்கத் தூண்கள் இருப்பதாக வந்தது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டார்.

"தங்கம் மெதுவு. மேல இருக்கிற பாரத்துக்கு நசுங்கிப் பூடும். ஒரே ஒரு மரத் தூணு வெச்சிருந்தான்னா நம்பியிருப்பேன்" என்றார்.

அவர் மனைவி கல் உடைத்துப் பொறுக்கும் கொட்டகையில் வேலை செய்தார். நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவருக்கு எழுத்து தெரியாது. அதனால் எல்லாப் புத்தகத்தையும் எங்கள் வாயால் கேட்டு, எங்களைவிட நன்றாக ஞாபகம் வைத்திருப்பார். ராட்சசிகள் பக்கம்தான் எப்போதும் பேசுவார். "காட்டுல தனியா இருந்தவள இவன் எதுக்குப் போயி எழுப்பணும்? தூங்கறவள எழுப்பிட்டு, கத்தறான்னு வாளை உருவுறான். இவனெல்லாம் ஒரு ராஜா மவன்!" என்பார்.

நாலாவது ஆள் ராட்டினக்காரர். எங்களில் இளையவர். புதிதாக வெட்டுகிற குழிகளில் ஆட்களை ஏற்றி இறக்கும் கேஜ் என்ற கூண்டு கிடையாது. கிணற்றுக்கு இருப்பதுபோல் பெரிய ராட்டினம் ஒன்று இருக்கும். இரண்டு பேர் சுற்ற, ஆளை வாளியில் நிறுத்திக் கயிற்றில் இறக்குவார்கள். கீழே இருப்பவன் பக்கத்தில் தொங்கும் சின்னக் கயிற்றை மூன்று தரம் குலுக்கினால் மேலே இழுக்க வேண்டும். குலுக்காமல் இழுக்கக் கூடாது. அது கண்டிப்பான சட்டம். இவர்தான் அந்த ராட்டினத்துக்குப் பொறுப்பு. மாயக் கதை என்றால் உயிர். மந்திரக் கட்டில் பறக்கும் கதையை ஒரே வாரத்தில் மூன்று முறை படித்தவர்.

நான் சொல்லப் போகிற ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு மாதம் முன்னால் அந்தக் குழியில் ஒரு சாவு நடந்தது. வெடி வைத்த பிறகு பார்க்க இறங்கின ஆள், அடியில் தங்கியிருந்த புகையில் மயங்கி விழுந்துவிட்டான். ராட்டினக்காரர் மேலே, கயிறு குலுங்கும் என்று காத்திருந்தார். வேலை செய்கிறான் என்று நினைத்தார். வெகு நேரம் கழித்துச் சந்தேகம் வந்து இன்னொருவனை இறக்கியபோது உயிர் போயிருந்தது. விசாரித்த சுரங்கத்துக் கேப்டன் துரை, சட்டப்படிதான் நடந்திருக்கிறது, ராட்டினக்காரர்மேல் குற்றமில்லை என்று எழுதிவிட்டார்.

துரை எழுதினால் ஆயிற்றா? அதற்குப் பிறகு அந்த ராட்டினத்தில் இறங்க ஓர் ஆளும் வரவில்லை. குழி வேலை நின்றுபோயிற்று. இந்த மாதம் முடிவதற்குள் யாராவது அவர் கயிற்றில் இறங்கினால் அவர் இருக்கலாம், இல்லாவிட்டால் சீட்டுக் கிழிந்தது என்று சொல்லிவிட்டார்கள். ஊரில் அவருக்குக் காணி நிலம் இல்லை. இங்கே பெண்டாட்டியும் கைக்குழந்தையும் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதை மட்டும் அவர் நிறுத்தவில்லை. வந்து, கட்டை அடுக்கின் ஓரத்தில் தள்ளி உட்கார்ந்துகொள்வார், பேச மாட்டார்.

அந்த வாரம் என் புத்தகத்தின் முறை. அட்டையில் நாககன்னி படம் நன்றாக இருந்ததால் வாங்கினேன். முன்கூட்டிப் பாதி படித்திருந்தேன், அதுவரை எல்லாம் நந்தவனமும் சுயம்வரமும்தான். மீதியைச் சத்தமாகப் படித்துக்கொண்டு போனேன். ராஜகுமாரனும் அவன் தோழனும் ஒரு பாழுங்கிணற்றுக்கு வருகிறார்கள். அதன் அடியில் நாகலோகம். ராஜகுமாரன் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குகிறான். "நான் கயிற்றை அசைத்தால் இழு, அசைக்கும்வரை இழுக்காதே" என்று தோழனிடம் சத்தியம் வாங்கிக்கொள்கிறான்.

இந்த இடத்தில்தான் ராட்டினக்காரர் ஓரத்தில் இருப்பது எனக்கு உறைத்தது. நிறுத்தியிருக்கலாம். கண் வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் எல்லோரும் வாய் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள், அதை விட எனக்கு மனசு வரவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். படித்துக்கொண்டே போனேன். கீழே நாககன்னியின் மந்திரத்தில் ராஜகுமாரன் கை கால் அசையாமல் கிடக்கிறான். மேலே தோழன் சத்தியத்தைக் காத்து, ஏழு நாள் கயிற்றையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். அதோடு அன்றைய பங்கு முடிந்தது.

யாரும் ராட்டினக்காரர் பக்கம் பார்க்கவில்லை. அவரே மரக்காரரைப் பார்த்து, "இன்னா அண்ணா, அபிப்பிராயம் சொல்லலியா?" என்றார்.

மரக்காரர் பூசி மெழுகத் தெரியாதவர். "தோழன் மேலதான் தப்பு. ஏழு நாளு ஒரு கயித்தப் பாத்துகினு குந்தியிருக்கிறவன் மனுசனா? தலைய நீட்டி ஒரு கொரல் குடுக்கக் கூடாதா?" என்றார்.

அக்கா கட்டையின் பட்டையை உரித்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. ராட்டினக்காரருக்காகப் பேசுகிறேன் என்று ஒரு பெருமையும் உள்ளே இருந்தது. தோழன் உத்தமன் என்றேன். சொன்ன சொல்லைக் காத்தவன் என்றேன். சத்தியத்தை மீறி இழுத்து, அதனால் ராஜகுமாரன் செத்திருந்தால் அப்போது என்ன சொல்வீர்கள் என்று கேட்டேன். ஒரு பிரசங்கமே செய்தேன். நுணலும் தன் வாயால் கெடும் என்று தெரியாமலா சொன்னார்கள்?

ராட்டினக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "நெசமாத்தான் சொல்றீங்களா, குமாஸ்தா? அவன்மேல தப்பே இல்லியா?"

"துளிகூட இல்லை."

"அப்போ நாளைக்குக் காலைல நீங்க எறங்குறீங்களா? சும்மா ஒரு தபா. நான் கயிறு புடிக்கிறேன். ஒருத்தர் எறங்கிட்டா மத்தவங்களும் வருவாங்க."

கொட்டகையைத் திறக்க வேண்டும், சாவி என்னிடம்தான் இருக்கிறது என்றேன். மெழுகுவத்தி கொடுக்காவிட்டால் ஷிப்டே நின்றுவிடும் என்றேன். எனக்கு இறங்கிப் பழக்கமில்லை என்றும் சொன்னேன் என்று நினைக்கிறேன். எல்லாமே நிஜம்தான். ஆனாலும் அவர் காதில் என்ன விழுந்தது என்பது எனக்குத் தெரியும்.

"சரிங்க. கதையில இருக்கறவன்மேல மட்டும்தான் தப்பில்ல போலிருக்கு" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. எழுந்து போய்விட்டார்.

அந்த வாரம் முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் தைரியசாலி என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. ஆனால் அவர்மேல் குற்றமில்லை என்று உண்மையாகவே நம்புவதாக நினைத்திருந்தேன். நம்பியிருந்தால் வாளியில் நிற்க என்ன பயம்? நானும் மற்றவர்களைப் போலத்தான் என்று தெரிந்துவிட்டது. வாய் மட்டும் கூடுதல். புத்தகத்தின் மீதியை வீட்டில் படித்தேன். கடைசியில் ராஜகுமாரன் வேறு வழியாகத் தப்பி மேலே வந்து, கயிற்றோடு உட்கார்ந்திருக்கும் தோழனைப் பார்த்து, கல்லாய்ப் போ என்று சபிக்கிறான். தோழன் கல்லாகிவிடுகிறான். மங்களம்.

இதை எப்படி அவர் முன்னால் படிப்பது? முடிவை மாற்றிப் படித்துவிடலாம் என்று தீர்மானித்தேன். மரக்காரர் எழுத்துக்கூட்டி இந்த இடத்துக்கு வருவதற்குள் மாசம் முடிந்துவிடும்.

அடுத்த ஞாயிறு ராட்டினக்காரர் வரமாட்டார் என்று நினைத்தேன். எங்களுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். மாசம் முடிய இன்னும் மூன்று நாள்தான் இருந்தது. நான் புத்தகத்தைப் பிரித்ததும், "குமாஸ்தா, அதுல இன்னா எழுதியிருக்கோ அத்த மட்டும் படிங்க" என்றார். என் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது போலும். இருந்தபடியே படித்தேன். கல்லாகும் இடத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

புத்தகத்தை மூடினேன். பிறகு மரக்காரர் தொண்டையைச் செருமினார். ஆறுதலாக ஏதாவது சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"தப்பு தோழன்மேலதான். போன வாரமும் அதான் சொன்னேன், இப்பவும் அதான் சொல்றேன்" என்றார். "ஆனா கல்லாக்கினது மடத்தனம். கல்லு இன்னாத்துக்கு ஆவும்? இந்தக் கத எழுதினவன் ஒரு நாளும் கயித்துல தொங்கினவன் இல்ல. நானா இருந்தா, அதே கயித்த அவன் கையில குடுத்து மறுபடியும் எறங்கியிருப்பேன்."

"தப்புப் பண்ணினவன் கையிலயா?" என்று நான் கேட்டேன்.

"பின்ன யாரு கையில? ஒரு தபா காத்துகினு இருந்து ஆள வுட்டவன், ஜென்மத்துக்கும் இன்னொரு தபா காத்துகினு இருக்க மாட்டான். சட்டத்த நம்பி எறங்கறத வுட இவன் பயத்த நம்பி எறங்கலாம்." ராட்டினக்காரர் பக்கம் திரும்பினார். "நாளைக்கு மொத ஷிப்டு. அந்தக் குழிக்கு மரம் அடைக்கற வேல பாக்கி கீது. நீ புடி. குலுக்கினா இழு. குலுக்கலன்னாலும், ஒனக்கு மனசுல ஒரு மாதிரியா இருந்திச்சின்னா இழு."

ராட்டினக்காரர் மேல்துண்டை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டார். நான் அக்காவைப் பார்த்தேன். வீட்டில் நாலு குழந்தைகள். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் மரக்காரர் கேட்டிருப்பார். அக்கா புருஷனை மேலும் கீழும் பார்த்தார். "எறங்கறதுன்னா கஞ்சி குடிச்சிட்டு எறங்கு. வெறும் வயித்துல புகை ஏறும்" என்று சொல்லிவிட்டு, புடவையைத் தட்டிக்கொண்டு எழுந்தார்.

ஆக, தோழனை உத்தமன் என்று வாதாடினவன் நான். குற்றவாளி என்றவர் மரக்காரர். வாளியில் காலை வைத்தவரும் அவர்தான். இதை எத்தனையோ வருஷமாக நினைத்துப் பார்க்கிறேன். வெட்கம் குறையவில்லை.

மறுநாள் மெழுகுவத்தி கொடுத்து முடித்ததும் கொட்டகையைப் பூட்டிக்கொண்டு குழிக்கு ஓடினேன். நான் போகும்போது மரக்காரர் கீழே போய்விட்டிருந்தார். இறங்க மறுத்தவர்களில் ஏழெட்டுப் பேர் கொஞ்சம் தள்ளி, வேறு வேலையாக நிற்பதுபோல் நின்றிருந்தார்கள். ராட்டினக்காரர் ஒரு கையால் பிடியையும் மறு கையால் சின்னக் கயிற்றையும் பிடித்திருந்தார். கயிறு அசையவில்லை. கீழே மரக்காரர் வாளியில் நின்றபடியே மரம் அடிக்கும் சம்மட்டிச் சத்தம் கேட்டது. அப்புறம் அது நின்றது.

நான் பத்துகூட எண்ணியிருக்க மாட்டேன். "இழு!" என்று ராட்டினக்காரர் கூட இருந்தவனிடம் கத்தினார். இரண்டு பேரும் பிசாசு பிடித்தவர்கள்போல் சுற்றினார்கள். வாளியில் மரக்காரரின் தலை தெரிந்தது, வாயில் இரண்டு ஆணி. ஆணியைக் கையில் எடுத்துக்கொண்டு கத்தினார்.

"இன்னாடா இது? நான் குலுக்கவே இல்லியே! ஆணி எடுக்கத் திரும்பினேன், அதுக்குள்ள தூக்கிட்டியே!"

"ஒன்னியும் இல்லண்ணா, சத்தம் நின்னு பூட்ச்சி" என்றார் ராட்டினக்காரர். முகமெல்லாம் வேர்வை.

அந்த ஷிப்டு முடிவதற்குள் மரக்காரரை ஐந்து முறை மேலே இழுத்துவிட்டார். மூன்றாவது தடவை வரைக்கும் மரக்காரர் திட்டினார். நாலாவது தடவை சிரித்தார். ஐந்தாவது தடவை, வாளியில் நின்றபடியே குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு ராட்டினக்காரரின் மூச்சிரைப்பு தணியும் வரை அங்கேயே நின்றுவிட்டு, "எறக்குப்பா" என்றார்.