ஜெபமணி டீச்சரின் மோவாய்

ஜெபமணி டீச்சருக்குப் பரீட்சை ஹால்தான் ராஜ்ஜியம். சித்தூரில் நாங்கள் வேலை பார்த்த மிஷன் பெண்கள் பள்ளியில், அவர் ஹாலுக்கு வருகிறார் என்றால் காப்பி அடிக்கிற பெண்களுக்கு முதல் நாளே காய்ச்சல் வந்துவிடும். கல்யாணம் வேண்டாம் என்றவர், நகை வேண்டாம் என்றவர், இந்தக் கர்வத்தை மட்டும் விடவில்லை.

நாற்பத்தைந்து வயதில் கண் காலை வாரியது. தூரத்துக்கு ஏற்கெனவே ஒரு கண்ணாடி, இப்போது படிக்க இன்னொன்று. ஒன்றைக் கழற்றி மற்றதைத் தேடி மாட்டுவதற்குள் கடைசி பெஞ்சில் ஒரு தேற்றமே கைமாறிவிடும். அரையாண்டில் மொத்த வகுப்பும் ஒரே கணக்கை ஒரே தப்போடு போட்டிருந்தது. தலைமையாசிரியை கிருபாபாய் கூப்பிட்டனுப்பினார்.

“முழுப் பரீட்சையிலயும் இப்டி ஆச்சுன்னா ஹால லோயிஸ் டீச்சர் பாத்துக்கட்டும். நீங்க தையல் கிளாஸுக்குப் போங்க.”

ஊசிக் காதே தெரியாதவருக்குத் தையல் கிளாஸ்! அவரைத் திருப்பதிக்கு, சிவசங்கரனின் கண்ணாடிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

“மெட்ராஸ்ல கண்ணுக்குள்ளயே வெக்கிற லென்ஸ் வந்துகீது டீச்சரம்மா. ஆனா அது தூரத்துக்குத்தான். படிக்க மேல ஒரு கண்ணாடி மாட்டிக்கணும்.”

“தூசி வுழுந்தாலே ஊரக் கூட்டறவ நான். காசு குடுத்து வேற போட்டுக்குவேனா?”

கடைசியில் பைஃபோகல் வாங்கினோம். மேல் பாதி தூரத்துக்கு, கீழ் பாதி படிக்க, நடுவில் ஒரு கோடு.

பெண்கள் சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டார்கள். டீச்சர் மோவாயைத் தூக்கினால் கீழ்க் கண்ணாடியில் படிக்கிறார், இறக்கினால் நம்மைப் பார்க்கிறார். மாதத் தேர்வில் மோவாய் உயர்ந்தபோதெல்லாம் சீட்டு பறந்தது. நான்தான் அதை டீச்சரிடம் போட்டு உடைத்தேன். கத்துவார் என்று பார்த்தால் அழுதுவிட்டார். தன் முகமே அந்தக் கழுதைகளுக்கு ரயில் கைகாட்டி ஆகிவிட்டதே என்று அத்தனை அவமானம்.

அடுத்த சனிக்கிழமை மறுபடி திருப்பதி.

“மேல படிக்க, கீழ தூரம். அப்டிப் போட்டுக் குடு.”

“தலகீழா கேக்கறீங்களே! உலகத்துல யாரும் இப்டிப் போட்டுக்க மாட்டாங்க டீச்சரம்மா.”

“உலகத்துல யாரு பத்தாங்கிளாஸ் பொண்ணுங்கள மேய்ச்சுக்கினு கீறாங்க?”

முழுப் பரீட்சை வந்தது. டீச்சர் நோட்டை நெஞ்சுக்கு நேரே பிடித்து, மோவாயைத் தூக்கினார். ஹாலில் கடை திறந்துவிட்டது. அம்சவேணியின் பின்னலிலிருந்து ஒரு சீட்டு வெளியே வந்தது.

“அம்சவேணி, அதக் கொண்டா இங்க” என்றார், மோவாயை இறக்காமலே.

அப்புறம் பேனாச் சத்தம் மட்டும்தான் கேட்டது. ஹால் தப்பியது.

ஆனால் இனி தூரத்தில் எதைப் பார்க்கவும் தலையைத் தூக்கியாக வேண்டும். தெருவிலும் அப்படி, கோயிலிலும் அப்படி. ஜெபமணிக்குத் தலைக்கனம் என்று சபையே பேசியது. போதகர் எங்கள் வரிசையையே பார்த்துக்கொண்டு பெருமையைப் பற்றி ஒரு ஞாயிறு முழுக்கப் பிரசங்கம் செய்தார். டீச்சர் மோவாயைத் தூக்கி அவரைக் கீழ்க் கண்ணாடியில் நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆசிரியர் கூட்டத்தில் கிருபாபாய் வெடித்தேவிட்டார்.

“என்னப் பாத்தா மட்டும் இன்னாத்துக்கு மோவாய் மேல போவுது? மரியாதையா எறக்குங்க.”

டீச்சர் பணிவாக இறக்கினார்.

“எறக்கிட்டேன்மா. ஆனா இப்ப நீங்க எங்க கீறீங்கன்னே தெரியல.”

யாரும் சிரிக்கவில்லை, சிரிக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

“சரி, தூக்கிக்குங்க” என்றார் கிருபாபாய்.