கோர்வை விட்டுப்போன காலை: சின்ன காஞ்சிபுரம்

காஞ்சிபுரம் போய் வருவது எப்படி என்று கேட்டு நாலைந்து பேர் எழுதியிருந்தீர்கள். கோயில்கள், இட்லிக் கடை, சேலைக் கடை எல்லாம் மற்றவர்கள் விலாவாரியாக எழுதிவிட்டார்கள். நான் முதல்முதலாகப் போனது எழுபதுகளின் தொடக்கத்தில், ஒரு ஏப்ரல் மாதம். கோயில் பார்க்கவும் இல்லை, சேலை எடுக்கவும் இல்லை. வயிற்றெரிச்சலில் போனேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேனே.

மேபல் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி. காலை ஜெபத்தில் தூங்கி வழிவாள். வேத வசனம் ஒப்பிக்கும் போட்டியில் ஒரு தடவைகூடப் பரிசு வாங்கியதில்லை. வருஷா வருஷம் வாங்கியது நான். பிறகு சென்னையில் எங்கள் சபை மாதர் கூட்டத்தில் பேசுகிறவளும் நான்தான். "நம்ம கிரேஸ் பேசினா கோர்வையா இருக்கும்" என்று ஐயரே சொல்வார் (எங்கள் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்). அப்படியிருக்க, ஒரு ஞாயிறு ஆராதனையில் அவர் மேபல் பெயரைச் சொல்லி, காஞ்சிபுரத்து நெசவுக் குடும்பங்களுக்கு அவள் செய்யும் ஊழியத்துக்காக முழுசாக மூன்று நிமிஷம் ஜெபித்தார். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஆமென் சொன்னேன். ஏழைப் பிள்ளைகளுக்குத் துணிமூட்டை சுமந்து சுமந்து என் தோள்பட்டை போயிற்று. எனக்கு அரை நிமிஷம்கூடக் கிடைத்ததில்லை. அப்படி என்னதான் கிழிக்கிறாள், பார்த்துவிடுவோம் என்று கிளம்பினேன்.

பாரிமுனையில் காலை ஆறு மணி பஸ். பூந்தமல்லி, ஸ்ரீபெரும்புதூர் வழியாக எழுபத்தைந்து கிலோமீட்டர். டிக்கெட் மூன்று ரூபாய் பத்து காசு. வலப்பக்க ஜன்னல் பிடித்தால் வெயில் அடிக்காது. எட்டு இருபதுக்கு இறங்கினேன்.

அங்கிருந்து சின்ன காஞ்சிபுரம் மூன்று கிலோமீட்டர். சைக்கிள் ரிக்‌ஷாக்காரர் முக்கால் ரூபாய் கேட்டார். ஏறி உட்கார்ந்து தெருவைச் சொன்னதும் திரும்பிப் பார்த்தார். "மேபலம்மா வூட்டுக்கா? தறியில குந்துவாங்களே, அந்தம்மாதானே? அத்த மொதல்லயே சொல்றதுக்கின்னா? அரை ரூபா குடு, போதும்." ஊர் எல்லைக்கு வந்த பத்தாவது நிமிஷத்திலேயே இப்படி! கால் ரூபாய் மிச்சமானதில் எனக்கு ஒரு சந்தோஷமும் இல்லை. இறங்கும்போது முக்கால் ரூபாயையே கொடுத்தேன்.

மேபல் வாசலில் நின்றிருந்தாள். வலதுகை ஆள்காட்டி விரலில் ஒரு எலுமிச்சம்பழம் செருகியிருந்தது. நகச்சுத்து. "வாடி கிரேஸ்! நல்ல நாள் பாத்து வந்தே போ" என்று பக்கத்து வீட்டுக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

உள்ளே குழித்தறி. குழிக்குள் கால் விட்டு நெசவாளர் ஏகாம்பரம் உட்கார்ந்திருந்தார். தறி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காஞ்சிபுரம் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். உடலுக்கான நாடாவை, அதாவது குறுக்கிழையைக் கொண்டுபோகும் மரக்கட்டையை, நெசவாளர் தள்ளுவார். அவர் கைக்கு எட்டாத பக்கத்துக் கரைக்குத் தனி நாடா; அதைத் தள்ள இன்னொரு ஆள் வேண்டும். ஒவ்வொரு தடவையும் கரை இழையும் உடல் இழையும் ஒன்றையொன்று மாட்டிக்கொள்ள வேண்டும். அந்த இணைப்புக்குத்தான் கோர்வை என்று பெயர். அந்த இன்னொரு ஆள் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளை.

இந்த வீட்டில் அது செல்வி. பதினோரு வயது, ஐந்தாம் வகுப்பு. "பொண்ணு பள்ளிக்கூடம் போனா கரை நாடாவ நீயா தள்ளுவே?" என்று இரண்டு வருஷம் முன்பு ஏகாம்பரம் கோபத்தில் கேட்டாராம். "தள்றேன்" என்று இறங்கி உட்கார்ந்தவள்தான் மேபல். அன்றிலிருந்து பள்ளிக்கூட நேரம் முழுக்க இவள் தறியில், செல்வி வகுப்பில். ஒரே ஒரு பிள்ளைக்காக! இதற்கா மூன்று நிமிஷம் என்று என் மனசு கணக்குப் பார்த்தது.

அன்றைக்குச் செல்விக்கு முழுப்பரீட்சை, பத்து மணிக்கு. தறியில் இருந்ததோ கல்யாணச் சேலை, சாயங்காலத்துக்குள் இறங்கியாக வேண்டும். ஏகாம்பரத்தின் மனைவி பிரசவத்துக்கு வாலாஜாபாத் போயிருந்தாள்.

"ஒன் கை இப்படிக்கீது மேபலம்மா. இன்னிக்கு ஒரு நாளு பொண்ணே குந்தட்டும்" என்றார் அவர்.

"பரீட்சை எழுதலைன்னா அடுத்த வகுப்பு இல்லண்ணே. ஒரு வருஷம் போச்சுன்னா அப்புறம் அது பள்ளிக்கூடமே போவாது. உங்களுக்கே தெரியும்."

செல்வி பரீட்சை அட்டையைக் கட்டிக்கொண்டு இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் உட்கார்றேன்" என்றேன். இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். இவள் செய்வதை நான் செய்ய முடியாதா என்கிற ரோஷம். செல்வி ஒரே ஓட்டமாக ஓடிவிட்டாள்.

மேபல் அரைமணி நேரம் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்துவிட்டு, விரலுக்கு வெந்நீர் வைக்கப் போனாள். கை பழகியதும் எனக்குத் தெனாவெட்டு வந்தது. "மேபல் உங்ககிட்ட சாமியைப் பத்திப் பேசுவாளா?" என்று ஏகாம்பரத்திடம் கேட்டேன்.

"அதுவா பேசாது. நான்தான் ஒரு நாளு, ஒனக்கு ஏம்மா இந்த வேலைன்னு கேட்டேன். எங்க சாமி கொழந்தைங்கள மடியில வச்சிக்கினவரு, நான் அவரு ஆளுன்னு சொல்லிக்கினு இந்தப் பொண்ண இந்தக் குழியில வுட்டுட்டுப் போனா எந்த மூஞ்சிய வச்சிக்கினு ஜெபம் பண்றதுன்னிச்சு."

அடிப்பாவி! வருஷக்கணக்காகப் பேசுகிறேன், இப்படி ஒரு வார்த்தை என் வாயில் வந்ததில்லையே. அடுத்த மாதர் கூட்டத்தில் இதைச் சொல்லிவிட வேண்டியதுதான் என்று மனசுக்குள் அடுக்க ஆரம்பித்தேன். எங்கே நிறுத்துவது, எங்கே குரலை இறக்குவது, மேபல் பெயரைச் சொல்வதா வேண்டாமா. கை பாட்டுக்கு நாடாவைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"ஐயோ, நிறுத்தும்மா!" ஏகாம்பரம் குனிந்து பார்த்தார். கரைக்கும் உடலுக்கும் நடுவில் விரல் நீளத்துக்கு வாய் பிளந்து நின்றது. "கோர்வை வுட்டுப்போச்சு. அத்தினியும் பிரிக்கணும். இது ஆவாது. போய் செல்விய இட்டுக்கினு வாம்மா."

மணி பதினொன்று. பரீட்சை முடிய இன்னும் ஒன்றரை மணி நேரம். சத்தம் கேட்டு வந்த மேபல் எலுமிச்சம்பழத்தை விரலிலிருந்து உருவினாள். விரல் பழுத்து வீங்கியிருந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குழிப் பக்கம் வந்தாள். எனக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த வலிகூட அவளுக்குத்தான் கிடைக்கப்போகிறது என்று அப்போதும் பொறாமைதான் முந்தியது. அது என்னையே பயமுறுத்திவிட்டது. அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். "வேணாண்டி. நானே தள்றேன். நீ பார்த்துச் சொல்லு."

ஏகாம்பரம் முணுமுணுத்துக்கொண்டே பிரித்தார். மறுபடி ஆரம்பித்தோம். இழை மாட்டியதா என்று பார்த்து மேபல் "ம்" என்பாள், நான் தள்ளுவேன். "ம்." தள்ளு. "ம்." தள்ளு. மனசுக்குள் இருந்த கூட்டமும் ஐயரும் எங்கே போனார்களோ தெரியாது. முதுகு விட்டுப்போனது. பன்னிரண்டே முக்காலுக்குச் செல்வி மைக்கறை விரலோடு வந்து நின்றாள்.

"எல்லாம் எழுதினியா?" என்று மேபல் கேட்டதற்கு, "எழுதிட்டேன் மேபலம்மா, ஒரு கணக்குதான் வரல" என்றாள். பிறகு கரையை விரலால் தடவிக்கொண்டே வந்து ஓரிடத்தில் நிறுத்தினாள். "இங்க பிரிச்சு நெய்ஞ்சிருக்குது. யாரு?"

"நான்தான்" என்றேன்.

"பரவால்லம்மா. எனக்கும் மொத நாளு இப்படித்தான் வுட்டுப்போச்சு. அப்ப எனக்கு ஆறு வயசு."

நாலரை மணி பஸ்ஸில் திரும்பினேன். அடுத்த மாதர் கூட்டத்தில் காஞ்சிபுரம் பற்றிப் பேசச் சொன்னார்கள். மேபலுக்கு விரல் பழுத்திருக்கிறது, செல்வி என்று ஒரு பிள்ளை பரீட்சை எழுதியிருக்கிறாள், ஜெபியுங்கள் என்றேன். அதற்கு மேல் வரவில்லை, உட்கார்ந்துவிட்டேன். "என்னம்மா, இன்னிக்குக் கோர்வையே இல்லையே?" என்றார் ஐயர். செல்வி ஆறாம் வகுப்புக்குப் போய்விட்டாள் என்று ஜூன் மாதம் கார்டு வந்தது.

நீங்கள் போவதானால் காலை ஒன்பதுக்குள் ஊருக்குள் இருங்கள். நண்பகலுக்குக் கோயில்கள் சாத்திவிடுவார்கள். தண்ணீர் கையில் வைத்துக்கொள்ளுங்கள். என் பொறாமை தீர்ந்ததா என்று கேட்டால், இல்லை. மேபல் எவரும் பார்க்காத ஒரு நாளில் அந்தக் குழியில் இறங்கினாள். நான் அவளைப் பார்த்து இறங்கினேன். இன்னொன்று. யாராவது தறி காட்டினால் சேலையின் அழகை அப்புறம் பார்க்கலாம். முதலில் கரைப் பக்கம் குனிந்து, அங்கே உட்கார்ந்திருப்பது யார் என்று பாருங்கள்.