குளிர்பெட்டிக் கதவில் என் கையெழுத்து

பாரிஸின் லா ஷப்பல் பகுதியில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடையில் நான் சமையல் வேலை செய்கிறேன். குளிர்பெட்டியின் வெப்பநிலையைக் காலையும் மாலையும் பார்த்து, கதவில் ஒட்டியிருக்கும் தாளில் எழுதிக் கையெழுத்து வைப்பதும் என் பொறுப்புத்தான். நான் பார்ப்பதில்லை. திங்கட்கிழமை தேத்தண்ணி குடித்தபடியே கிழமை முழுவதற்கும் மூன்று, நான்கு என்று நிரப்பிவிடுவேன்.

சுகாதாரப் பரிசோதகர் வந்த அன்று முதலாளி கடையில் இல்லை. வந்தவர் ஒரு பிரெஞ்சுப் பெண். குளிர்பெட்டியைத் திறந்து, கோழிக்கறிச் சட்டிக்குள் வெப்பமானியை விட்டார். நான்கைத் தாண்டக்கூடாது; பதினொன்று காட்டியது. கதவை மூடித் தாளைப் பார்த்தார். அன்று வியாழன். தாளில் ஞாயிறு மாலை வரை கையெழுத்து இருந்தது.

"இதை நிரப்பியது யார்?" என்று கேட்டார்.

எனக்குப் பக்கத்தில் மரக்கறி வெட்டிக்கொண்டு நின்றவர் மன்னாரைச் சேர்ந்த ஒரு அக்கா. ஐம்பது வயதிருக்கும். எனக்குச் சாப்பாடு எடுத்து வைத்துவிட்டுத்தான் தான் சாப்பிட உட்காருவார். அவருக்குப் பிரெஞ்சு வராது. நான் கையை நீட்டி அவரைக் காட்டினேன்.

பரிசோதகர் தாளில் விரலை வைத்து, இது உங்கள் கையெழுத்தா என்று அக்காவிடமே கேட்டார். மொழிபெயர்க்கும்படி என்னைப் பார்த்தார்.

"அக்கா, நீங்கள் ஒவ்வொரு நாளும் பிரிட்ஜ் துடைக்கிறனீங்களோ எண்டு கேக்கிறா."

"ஓம்" என்றார் அக்கா. பிறகு, மரியாதைக்கு, பரிசோதகரைப் பார்த்து "உய், மதாம்" என்றார்.

கடையை ஐந்து நாள் பூட்டினார்கள். முதலாளி அக்காவுக்குத் தொலைபேசி எடுத்து, இனி வரவேண்டாம் என்றார். நான் முதலாளிக்குப் பக்கத்தில்தான் நின்றேன்.

கடை திறந்த அன்று தாங்க முடியாமல் முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. "உம்மையும் நிப்பாட்டினால் ஆர் சமைக்கிறது? போய் அவவைக் கூட்டிக்கொண்டு வாரும்" என்றார். அதுதான் எனக்கு இன்னும் கூசியது.

பாரிஸுக்கு வெளியே, லெ பிளாங்-மெனிலில் அக்காவின் வீட்டுக் கதவைத் தட்டினேன். அக்கா பாதிக் கதவைத்தான் திறந்தார்.

"அக்கா, அண்டைக்கு நான்..."

"எனக்கு அப்பவே விளங்கினது தம்பி. சிஞ்ஞத்யூர் எண்டு அவ சொன்னவ, கையெழுத்து எண்டு. விசாவுக்கு ப்ரெஃபெக்த்யூரிலை நிக்கேக்கை அந்தச் சொல்லை எத்தினை தரம் கேட்டிருப்பன்."

"அப்ப ஏன் அக்கா ஒண்டும் சொல்லேல்லை?"

"நான் இல்லை எண்டு சொன்னாலும் அதைப் பிரெஞ்சிலை அவவுக்குச் சொல்லுறது நீர்தானே."

முதலாளி திரும்பி வரச் சொன்னதைச் சொன்னேன். பள்ளிக்கூடம் ஒன்றில் துப்புரவு வேலை கிடைத்துவிட்டது, வரமாட்டேன் என்றார். குரலில் கோபம் இல்லை. "மழை வரப்போகுது, போம்" என்று கதவைச் சாத்தினார்.

நான் மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான், அதைக் கேட்கவேயில்லை என்பது உறைத்தது. இறங்கித் திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை.