வெயிலுக்குப் போன பாம் கன்றுகள்

பிள்ளைகளே, நர்சரியில் வாங்கிவந்த பாம் கன்றை முற்றத்து வெயிலில் நடப்போனபோது நான் ஏன் அப்படிச் சத்தம் போட்டேன் என்று கேட்டீர்கள். அப்போது சொல்ல வாய் வரவில்லை. எழுதினால் வரும்போல இருக்கிறது.

அப்போது எனக்கு எட்டு ஒன்பது வயதிருக்கும். எங்கள் உம்மாவின் வீடும் அவவின் தங்கச்சியான சாச்சியின் வீடும் ஒரே வளவில்தான். நம்முடைய ஊரில் ஆம்பிளைகள் பெண்வீட்டுக்கு வருகிறவர்கள்தானே, அப்படி வந்தவர்கள் வாப்பாவும் சாச்சாவும். வாப்பா நாவிதன்வெளியில் வயல் செய்தார். சாச்சா மரக்கறி லொறி ஓட்டினார். ஒருமுறை பண்டாரவளையிலிருந்து கோவா, கரட் மூட்டைகளுக்கு நடுவே ஒரு செடியைக் கொண்டுவந்தார். மூங்கில்போல மெலிந்த தண்டு, விரித்த கைபோல ஓலை.

உம்மா அதைச் சுற்றிப் பார்த்துவிட்டு, “ஈச்சையா தம்பி? எப்பக் காய்க்கும்?” என்று கேட்டா.

“இது பாம், ராத்தா. காய்க்காது. சும்மா பாக்கிறதுக்கு.”

உம்மா நம்பவில்லை. ஓலையும் வேயமுடியாத, பழமும் தராத ஒன்றை ஒரு மனிசன் அவ்வளவு தூரம் சுமந்து வருவானா? நோன்புக்குப் பழம் பறிக்கலாம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தா. கடைசிவரை எங்கள் வீட்டில் அதற்கு ஈச்சை என்றுதான் பெயர்.

சாச்சா அதை இரண்டு வீட்டுக்கும் இடையிலிருந்த ஒடுக்கத்தில் நட்டார். அங்கே வெயிலே விழாது. வெயில் படக்கூடாது, வேரில் தண்ணீர் தேங்கக்கூடாது, மற்றப்படி எதையும் தாங்கும் என்பார். லொறி வந்து நின்ற பின்னேரங்களில் அவரும் சாச்சியும் அதனருகே குந்தியிருந்து, ஈரத்துணியால் ஓலையைத் துடைத்தபடி கதைத்துக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. செடியோ பக்கக் கன்றுகள் விட்டு ஒடுக்கத்தை அடைத்துக்கொண்டது.

ஒரு நாள் நெஞ்சு நோகிறதென்று ஆஸ்பத்திரிக்குப் போன சாச்சா உயிரோடு திரும்பவில்லை, மையித்தாகத்தான் கொண்டுவந்தார்கள்.

சாச்சி இத்தா இருந்தா. புருசன் மௌத்தான பெண் நாலு மாதமும் பத்து நாளும், இத்தா முடியும்வரை, அந்நிய ஆண்களின் கண்ணில் படக்கூடாது. ராத்தாவின் புருசனான என் வாப்பாவும் அந்நியர்தான். அறை வாசலில் திரை, ஜன்னலில் சீத்தைத் துணி. அந்த ஜன்னல் ஒடுக்கத்தைப் பார்த்தது.

அறைக்குள்ளிருந்து சாச்சி கேட்ட ஒரே காரியம் இதுதான். அவருக்குத் துஆக் கேட்க ஒரு பிள்ளை இல்லை. ரசூலுல்லாஹ் இரண்டு பேருடைய கபுரில் பச்சை ஈச்ச மட்டையை நட்டிருக்கிறார்கள். நம் ஈச்சையில் ஒரு கன்றை அவருடைய கபுரில் மீசான் கல்லுக்குப் பக்கத்தில் நட்டால், பச்சையாக இருக்கும் மட்டும் அது அவருக்காக அல்லாஹ்வைத் துதித்துத் தஸ்பீஹ் செய்யும். மையித்து அடக்கும் மையவாடிக்குப் பெண்கள் போவதில்லை. அதனால் வாப்பாதான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாப்பா ஒரு கன்றை வெட்டி எடுத்துக்கொண்டு போனார். நான் தண்ணீர்க் கேனோடு பின்னால் போனேன். மையவாடி கடலோரத்து வெள்ளை மணல். நிழலுக்கு ஒரு மரமில்லை. வயல்காரருக்குப் பயிரென்றால் வெயிலும் தண்ணீரும்தான். வரம்பு கட்டாத குறையாக ஊற்றினார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து போய்ப் பார்த்தோம். ஓலை மஞ்சளாகியிருந்தது. அடுத்த கிழமை, நுனியெல்லாம் தீயில் காட்டியதுபோலக் கருகிவிட்டது. வாப்பா இன்னும் ஒரு கேன் ஊற்றினார். பாங்கு சொல்லும் பள்ளி மோதினார் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்து, “என்ன மச்சான், மையவாடியிலயும் வேளாண்மையா?” என்றார். அறுவடைக்குக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வாப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அந்தக் கேள்வி வரும். சாச்சி உம்மாவிடம் கேட்பா. உம்மா திரைக்கு வெளியே வந்து வாப்பாவிடம் கேட்பா. அந்தச் சின்ன வீட்டில் முதல் தரமே எல்லோருக்கும் கேட்டிருக்கும். ஆனாலும் முறை முறைதானே.

“பச்சையா இரிக்கா எண்டு கேக்கா.”

வாப்பா கொஞ்சம் இருமிவிட்டு, “ஓம், பச்சையாத்தான் இரிக்கி” என்று சத்தமாகச் சொல்லுவார்.

சொன்னதைப் பொய்யாக்க அவருக்கு மனம் வராது. அடுத்த நாள் சுபஹுத் தொழுதுவிட்டு வந்து, ஒடுக்கத்தில் இன்னொரு கன்றை வெட்டுவார். பட்டதைப் பிடுங்கிவிட்டு அங்கே இதை நடுவார். அதுவும் கருகும். மறுகா இன்னொன்று.

அப்படி ஒரு காலையில் வாப்பா சாக்கு எடுக்கப் போனார். நான் ஒடுக்கத்தில் தனியே நின்றேன். ஜன்னல் சீத்தை அசைந்தது. உள்ளிருந்து சாச்சியின் குரல் வந்தது.

“மகன், வாப்பாட்டச் சொல்லுங்க, வேர அறுக்காம மண்ணோட சேத்து எடுக்கட்டாம்.”

வாப்பா வந்ததும் அப்படியே சொன்னேன். அவர் ஜன்னலைப் பார்க்கவில்லை. மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு நிலத்தில் குந்திவிட்டார். பிறகு கையாலேயே மண்ணைக் கிளறத் தொடங்கினார்.

அந்த வெள்ளிக்கிழமையும் கேள்வி வந்தது. வாப்பாவும் அதே பதிலைச் சொன்னார். சாச்சிக்குத்தான் எல்லாம் தெரியுமே, பிறகேன் கேட்கிறா, தெரிந்த ஒன்றுக்கு வாப்பா ஏன் பதில் சொல்லுகிறார் என்று நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

இத்தா முடிந்து சாச்சி வெளியே வந்தபோது ஒடுக்கத்தில் ஈர மண் மட்டும் கிடந்தது. கடைசிக் கன்றும் மையவாடியில் கருகிப்போயிருந்தது. சாச்சி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அங்கேயே நின்றா. வாப்பா தலையைக் குனிந்தபடி ஏதோ சொல்ல வந்தார். சாச்சி முந்திக்கொண்டா.

“இந்த வெள்ளிக்கிழமையும் போவீங்கதானே, மச்சான்?”

“ஓம். போவன்.”

சாச்சி அழத் தொடங்கினா. செடியெல்லாம் முடிந்துவிட்டதே, இனி வாப்பா அங்கே எதைப் பார்க்கப் போகிறார் என்று நான் உம்மாவைக் கேட்டேன். உம்மா என் வாயைக் கையால் பொத்தினா.